ஏரி கோடி போகிறது

“…கோடி போவச்சொல்ல கோடிய மூடிக்கினு நின்னா, ஏரி இன்னாதான்மா பண்ணும்? நீயே சொல்லு!” என்று அஞ்சலை என்னிடம் நியாயம் கேட்டாள். கேட்டுக்கொண்டே, கறந்த பாலை நுரை தளும்ப என் செம்பில் ஊற்றினாள். அவளுக்குப் பின்னால் நின்ற எருமை எங்கள் வேலியோர முருங்கைக் கிளையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. நான் செம்பைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தேன். அவள் சொன்னதில் ‘ஏரி’ ஒன்றுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த ஏரியையும் வந்த புதிதில் நான் குளம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதை வாசிக்கும் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்தால் இறங்கிவிடும் ஊர்தான் மெட்ராஸ். அதிலிருந்து மின்சார ரயிலில் மேற்கே வந்தால் அம்பத்தூர், அதைத் தாண்டினால் ஆவடி. கடலும் தாண்டவில்லை, கப்பலும் ஏறவில்லை. ஆனால் அறுபதுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்கு இங்கே ஃபாக்டரியில் வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸில் ஒரு வீடும் கிடைத்து, நான் தகரப் பெட்டியோடு வந்து இறங்கியபோது, வேறு தேசத்துக்கு வந்த மாதிரிதான் இருந்தது. ‘குந்து’ என்றார்கள், ‘இஸ்துக்கினு வா’ என்றார்கள், ‘பேஜாரு’, ‘கலீஜு’ என்றார்கள். ஒருநாள் அஞ்சலையிடம் “உம் புருசன் எங்க?” என்று கேட்டேன். “ஊட்டாண்ட குந்திக்கினு கீறாரு” என்றாள். பால்காரி வீட்டுக்காரனுக்கு ஊட்டியில் என்ன வேலை என்று நான் ராத்திரி முழுக்க யோசித்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறான் என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள். நான் மட்டும் என்ன யோக்கியம்? “சாயங்காலமா வா, அவிய இருப்பாவ, பால்க்காசு வாங்கிக்கிடலாம்” என்றேன். அவள் சாயங்காலம் ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றாள். என் வீட்டுக்காரரை நான் ‘அவிய’ என்றதைக் கேட்டு, அவியல் தரப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டாளாம்.

குளம் விஷயமும் அப்படித்தான். நமக்குக் குளம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், கரை, மடை, கீழே வயல். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அப்படி ஒன்று கிடப்பதைப் பார்த்து ஆசையாகி, “அஞ்சலை, ஒருநாள் கொளத்துக்குக் குளிக்கப் போவமா?” என்றேன். “கொளத்துக்கா? அதுக்கு திருவேற்காட்டுக்கு பஸ்ஸு புடிக்கணுமே” என்றாள். இங்கே குளம் என்றால் கோயிலுக்குப் பக்கத்தில் படிக்கட்டு கட்டி வைத்திருப்பது. நம்முடைய குளம் இவர்களுக்கு ஏரி. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா மதுரைக்காரி. அவளுக்கு அது கம்மா. ஒரே தண்ணீருக்கு மூன்று பெயர் வைத்துக்கொண்டு, மூன்று பேரும் ஒருத்தியை ஒருத்தி திருத்திக்கொண்டிருந்தோம்.

சரி, கோடிக்கு வருகிறேன். அது ஐப்பசி மாசம். வானம் இருட்டிக்கொண்டு வருவதும் பெய்வதுமாக இருந்தது. எனக்குத் தெரிந்து கோடி என்றால் நூறு லட்சம், அல்லது தெருக்கோடி, அல்லது செத்த வீட்டுக்கு எடுத்துப்போகும் கோடித்துணி. அஞ்சலையின் முகம் இருந்த இருப்புக்கு மூன்றாவதுதான் பொருந்தும் என்று பட்டது. குரலைத் தாழ்த்தி, “யாரு போயிட்டாவ?” என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “இன்னும் யாரும் போவல. அடுத்த மழைக்கி அல்லாரும் போவாங்கோ” என்று சொல்லிவிட்டு எருமையைத் தட்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பாண்டியம்மாவைக் கூப்பிட்டு, கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன். பாண்டியம்மா விவரமானவள், ஃபாக்டரி ஸ்டோர்ஸில் என்ன சாமான் வந்திருக்கிறது என்பது அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். இடுப்பில் கை வைத்து யோசித்தாள். “ஏத்தா, கோடித்துணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோடி ரூவா! கம்மாயை ஒரு கோடிக்கு வித்துப்புட்டாய்ங்க. அதான் ‘கோடிக்குப் போவுது’ங்கிறா. பிளாட்டுப் போடப் போறாய்ங்க போல.” எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்தச் சமயம் பூந்தமல்லி ரோட்டில் வயலுக்கு வயல் கல் நட்டு மனை பிரித்துக்கொண்டிருந்தார்கள். நேற்று நெல் நின்ற இடத்தில் இன்றைக்கு ஒரு போர்டு நிற்கும். வயலைப் பிரித்தவனுக்கு ஏரியைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

குவார்ட்டர்ஸில் ஒரு செய்தி பரவ மைக் செட் தேவையில்லை. மத்தியானம் குழாயடியில் சொன்னது, சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு வந்த ஆண்களின் காதுக்குப் போனபோது வாங்கினவன் பம்பாய்க்காரன் என்பது வரைக்கும் வளர்ந்திருந்தது. எங்கள் கிணறுகளில் கோடையிலும் தண்ணீர் நின்றதற்கு அந்த ஏரிதான் காரணம். பிள்ளைகள் நீச்சல் பழகுவது அங்கே. மாடி வீட்டுப் பெரியவர்கள் காலை நடை போவது அதன் கரையில். என் வீட்டுக்காரர் சாதாரணமாகச் சத்தம் போட்டுப் பேசாதவர். ஆனால் யூனியன் கூட்டத்தில் கோஷம் போடுவது மட்டும் அவருக்கு வெகு இஷ்டம். “ஏளா, அந்தப் பழைய அட்டைப்பெட்டியக் கிழி” என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அட்டையும் கரிக்கட்டையுமாகக் கிடந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளும் குடையும் குழந்தைகளுமாக ஊர்வலம் ஏரிக்கரைக்குப் போனது. “ஏரியை விற்காதே! எங்கள் தண்ணீரை விற்காதே!” என் வீட்டுக்காரர் முன்னால். நானும் பாண்டியம்மாவும் பெண்கள் வரிசையில். எனக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது. நம் ஊரில், தெருவில் நடக்கும்போதே தலை குனிந்து நடந்தவள் நான்.

கரைமேல் அஞ்சலை நின்றிருந்தாள். அவளோடு அவள் தெருக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக. கரைக்குக் கீழே, பள்ளத்தில், அவர்களுடைய நாற்பது ஐம்பது குடிசைகள். எங்களைப் பார்த்ததும் அஞ்சலை ஓடி வந்தாள்.

“இன்னாமா கூட்டம்? யார்னா பூட்டாங்களா?”

“எவன் வாங்கினாலும் விடமாட்டோம்!” என்றார் என் வீட்டுக்காரர், கோஷத்தின் வேகம் குறையாமல்.

“யாரு வாங்கறாங்கோ? எத்த?”

“நீதானடி சொன்ன, ஏரி கோடிக்குப் போவுதுன்னு!” என்றாள் பாண்டியம்மா.

அஞ்சலை வாயைப் பிளந்தாள். பிறகு கரையிலேயே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். அவள் தெருக்காரர்களும் சிரித்தார்கள். “அய்ய! ரூவா இல்லமே! கோடின்னா தோ… அது!” என்று கையை நீட்டினாள்.

கரையின் கடைசியில், கருங்கல் வரிசையாகப் பதித்து, ஒரு வாசற்படி மாதிரி தாழ்வாக ஓர் இடம் இருந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அந்தக் கல்லைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும். கரையின் கோடியில் இருப்பதால் அது கோடி. அந்த வழியாகத் தண்ணீர் வழிந்தால் ஏரி கோடி போகிறது. எவ்வளவு எளிய சொல்! தெருக்கோடி என்று நித்தமும் சொல்லும் எனக்கு இது தோன்றாமல், செத்த வீட்டுத் துணி தோன்றியிருக்கிறது. நம் ஊரிலும் அப்படி ஓர் இடம் உண்டு, அதற்கு வேறு பெயரும் உண்டு.

அஞ்சலையின் சிரிப்பு சட்டென்று நின்றது. எங்களைக் கோடிக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கல்லைத் தாண்டும் தண்ணீர் ஓடவேண்டிய கால்வாய் இருந்த இடத்தில் கால்வாயைக் காணோம். பக்கத்தில் புதிதாக வந்திருந்த இரும்பு வார்ப்புப் பட்டறை ஒன்று, கோடை முழுக்கத் தன் உலைக்கழிவை அங்கே லாரி லாரியாகக் கொட்டியிருந்தது. கறுப்பு மண்ணும், உருகி இறுகிய கட்டிகளும் ஆள் உயரத்துக்கு மேல் கிடந்தன. இந்தப் பக்கம் ஏரியில் தண்ணீர் கல்லின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே தளும்பிக்கொண்டிருந்தது.

“இன்னொரு மழ பேஞ்சா கோடி போவணும். போவ வழி இல்ல. அப்ப தண்ணி இன்னா பண்ணும்? கரைல எங்க பலமில்லியோ அங்க ஒடைக்கும். ஒடைச்சா நேரா எங்க ஊட்டு மேலதான்” என்றாள் அஞ்சலை. “நாங்க போயி கேட்டோம். ‘யாருடா நீங்க’ன்னு வெரட்டிட்டான். உங்கள மாதிரி சட்ட போட்டவங்க வந்து நின்னா கேப்பான்னுதான் ஊடு ஊடா சொல்லிக்கினு வந்தேன்.”

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால், குவார்ட்டர்ஸ் மேட்டில் இருக்கிறது. கரை உடைந்தாலும் எங்கள் வாசலுக்குத் தண்ணீர் வராது. ஏரியை யாரும் விற்கவும் இல்லை. அப்படியானால் எங்களுக்கு இங்கே என்ன வேலை? பின்வரிசையில் சைக்கிள்கள் திரும்பும் சத்தம் கேட்டது. “மனு எழுதிக் குடுங்கப்பா” என்று ஒருவர் சொல்லிக்கொண்டே ஏறி மிதித்தார். என் வீட்டுக்காரரும் அட்டையை மடக்கிக் கேரியரில் வைத்தார்.

அஞ்சலை சேலை முந்தியை இழுத்துச் செருகினாள். “போங்க சாமி, போங்கோ. பால்ல தண்ணி கலக்கறேன்னு தெனம் என்னாண்ட சண்ட போடுவீங்கோ இல்ல? கரை ஒடைஞ்சா பாலே இல்லாத வெறுந் தண்ணியா வரும். எருமை மேல குந்திக்கினு நானே மெதந்து வரேன். சொம்ப எட்த்துக்கினு வாசல்ல நில்லுங்கோ!”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்த வாயை மூடி, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். பிறகு சட்டையைக் கழற்றி ஹாண்டில்பாரில் மாட்டினார். “மம்பட்டி இருக்கா?” என்று கேட்டார்.

“மம்பட்டின்னா?” என்றாள் அஞ்சலை.

“வெட்டுறது! மண்ணு வெட்டுறது!”

“மம்முட்டியா? அப்டி சொல்லு நைனா!”

திரும்பிய சைக்கிள்களில் பாதி மறுபடி திரும்பின. மீதி போய்விட்டன. போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் மட்டும் அரைமணி கழித்துக் கடப்பாரையோடு வந்தார்.

நம் ஊர்க் குளத்தை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். நான் பிறந்த ஊரில் குளத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. நிலம் இருக்கிறவனுக்குத்தான் தண்ணீரில் பேச்சு. கரையில் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை யார் மண் போடவேண்டும் என்பது பிறக்கும்போதே எழுதப்பட்ட மாதிரி. மடை திறக்கும் நாளில் பெண்கள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. என் அப்பாவுக்குக் குளத்துக்குக் கீழே ஒரு சென்ட் இடம் கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் மழை பெய்தால் கூரை ஒழுகுகிறதா என்றுதான் பார்ப்போமே தவிர, குளம் நிரம்புகிறதா என்று பார்த்ததில்லை. அது யாருடைய குளமோ. இந்த ஏரியிலும் எனக்குப் பங்கு இல்லை. வாடகை வீடுகூட இல்லை. வேலை இருக்கும் வரை இருக்கச் சொல்லி சர்க்கார் கொடுத்த வீடு. ஆனால் இங்கே யாரும் என்னை ‘நீ யாரு வீட்டு ஆளு’ என்று கேட்கவில்லை. ஒரு கிழவர் இரும்புச் சட்டியை என் கையில் திணித்து, “தூக்குமா, வேடிக்க பாத்துக்கினு கீறியே” என்று அதட்டினார். எனக்குப் பங்கில்லாத தண்ணீருக்காக நான் மண் சுமந்தது அப்படித்தான் ஆரம்பித்தது.

உலைக்கழிவு சாமானியமாக வரவில்லை. மேல் மண்ணை வெட்டி, வரிசையாக நின்று சட்டி சட்டியாகக் கைமாற்றிக் கரையோரம் கொட்டினோம். அடியில் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகக் கிடந்தன. ஃபாக்டரி ஆட்கள் நெம்புகோலுக்கு எங்கே முட்டுக் கொடுப்பது என்று பேசிப் பேசி நெம்பினார்கள். அஞ்சலை தெருக்காரர்கள் பேசாமல் நெம்பினார்கள். இரண்டு கட்சியும் சேர்ந்து நெம்பியபோதுதான் கட்டி அசைந்தது. அசைந்ததைக் கயிற்றில் கட்டி அஞ்சலையின் எருமையை விட்டு இழுத்தார்கள். என்னிடம் கயிற்றைக் கொடுத்து ஓட்டச் சொன்னாள். நான் நம் ஊர்ப் பாணியில் என்னென்னவோ குரல் கொடுத்துப் பார்த்தேன். எருமை அசைபோட்டது. அஞ்சலை தூரத்திலிருந்து “இஸ்து வாமே!” என்று ஒரு சத்தம் போட்டாள், உடனே கிளம்பிவிட்டது. அந்த எருமைக்குக்கூட என் தமிழ் புரியவில்லை.

மத்தியானம் தாகம் வாட்டியது. அஞ்சலை வீட்டிலிருந்து ஒரு அலுமினியக் குடத்தில் தண்ணீர் வந்தது. குடம் வந்து நின்றதும் எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் கொஞ்சம் தயங்கினார்கள். ஏன் என்று எழுதவேண்டியதில்லை. எந்த ஊரிலிருந்து வந்தாலும் அந்தப் பழக்கத்தை மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தோம். ‘வேண்டாம்’ என்று சொல்லவும் வாய் வரவில்லை, கை நீட்டவும் மனசு வரவில்லை. அஞ்சலை குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னங்கடி முழிக்கிறீங்க?” என்றாள் பாண்டியம்மா. “ரெண்டு வருசமா இவ கலந்து ஊத்துன தண்ணியத்தானே காப்பி போட்டுக் குடிக்கிறோம்? அது எவ வீட்டுத் தண்ணியாம்?” சொல்லிவிட்டு ஒரு சொம்பு முகந்து மடமடவென்று குடித்தாள். அடுத்தது நான். அப்புறம் குடம் காலியாகிவிட்டது.

“ஒரு நாளும் நான் தண்ணி கலந்தது இல்ல” என்றாள் அஞ்சலை, பொய்க்கோபத்தோடு.

“இன்னைக்கு நீ பால் கலக்கலைத்தா, அது ஒண்ணுதான் வித்தியாசம்” என்றாள் பாண்டியம்மா.

அந்தச் சமயத்தில்தான் லாரி வந்தது. பின்னால் ஒரு ஜீப்பும். லாரி நிறைய, புகை அடங்காத கறுப்பு மண். டிரைவர் ஹாரன் அடித்தார். அஞ்சலை போய் நேரே லாரியின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றப் பெண்களும், பிறகு நாங்களும் உட்கார்ந்தோம். ஈர மண்ணில் உட்கார்ந்தபோது, வீட்டில் உலை வைக்கவில்லையே என்ற எண்ணம்தான் எனக்கு வந்தது.

டிரைவர் உள்ளூர் ஆள்தான். தலையை வெளியே நீட்டினார். “இன்னாமே, நவுரு. லோடு கொட்டணும்.”

“கொட்டு அண்ணாத்தே. மொதல்ல என் மேல கொட்டு. அப்பால எருமை மேல கொட்டு.”

“எருமை மேல கொட்டுனா மொதலாளி என் சம்பளத்துல புடிப்பாரு.”

“என் மேல கொட்டுனா?”

டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, பீடி பற்றவைத்துக்கொண்டு இறங்கினார்.

ஜீப்பிலிருந்து பட்டறை மானேஜர் இறங்கினார். நல்ல மனுஷர் போலத்தான் இருந்தார். சேற்றில் பூட்ஸ் பதியாமல் நடக்க இடம் தேடினார். அவர் பேசிய தமிழில் பாதி இங்கிலீஷ். “ஒய் திஸ் கலாட்டா? இது வேஸ்ட் லேண்ட் தானே? வருஷம் பூரா காய்ந்து கிடக்கிறது. பள்ளத்தை நிரப்பினால் எல்லோருக்கும் நல்லது.”

அஞ்சலை என் காதோரம், “இன்னாமா சொல்றான்?” என்றாள்.

“சும்மா கெடக்க பூமிங்காரு.”

“சும்மா கெடக்குதா!” என்று அவள் எழுந்துவிட்டாள். அதற்குள் என் வீட்டுக்காரர் முன்னால் போனார். உடம்பெல்லாம் கறுப்பு மண், சட்டை இல்லை. ஆனால் கோஷம் போடும் குரலில் பேசவில்லை. மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்கும் குரலில்தான் பேசினார்.

“சார், உங்க பட்டறையில தீயணைக்க மணல் வாளி தொங்க விட்டிருப்பீங்க. எங்க ஃபாக்டரியில ஃபயர் இஞ்சினே நிக்குது. வருசம் பூரா அது சும்மாதான் நிக்கும். சும்மா நிக்குதேன்னு வித்துரலாமா சார்?”

மானேஜர் கல்லின் விளிம்பில் தளும்பும் தண்ணீரைப் பார்த்தார். பிறகு கரையின் மறுபக்கம் போய்க் குனிந்து, கீழே இருந்த கூரைகளைப் பார்த்தார். அதற்கு முன்னால் அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். லாரி ரோட்டிலிருந்து கூரைகள் தெரியாது. “மழை முடிகிற வரை இங்கே கொட்டமாட்டோம்” என்றார். “மழை முடிஞ்ச பொறவும்தான்” என்றார் என் வீட்டுக்காரர். மானேஜர் அதற்குத் தலையாட்டவில்லை. ஆனால் லாரியைத் திருப்பச் சொன்னார். டிரைவர் லாரியைப் பின்னுக்கு எடுக்கும்போது அஞ்சலையைப் பார்த்து, “பொழச்சிக்கோ” என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற வரை வெட்டினோம். மறுநாளிலிருந்து ஷிஃப்ட் முடிந்தவர்கள் முடிந்தவுடன் வந்தார்கள். பெரிய கட்டிகள் சில அசையவே இல்லை. அவற்றைச் சுற்றிக் கால்வாய் வெட்டினார்கள். வளைந்து வளைந்து போன அந்தக் கால்வாயைப் பார்த்து ஒரு என்ஜினீயர் சிரித்தாராம். தண்ணீருக்கு நேராகத்தான் போகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இப்போது எழுபதுகள் நடுவாகிவிட்டது. ஏரியைச் சுற்றி இன்னும் நிறைய மனைக்கல் நட்டிருக்கிறார்கள். பட்டறைக்காரர்கள் ஒரு மழைக்காலம் சும்மா இருந்தார்கள், அடுத்த கோடையில் ஓரத்தில் கொட்டினார்கள். நாங்கள் மறுபடி போய் உட்கார்ந்தோம். புரட்டாசியில் ஒரு ஞாயிறு, குவார்ட்டர்ஸும் அஞ்சலை தெருவும் சேர்ந்து அந்தக் கால்வாயைச் சுத்தம் செய்வது வழக்கமாகிவிட்டது. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் பாண்டியம்மா, “ஏரியைக் கோடிக்கு விக்கிறாய்ங்க, வா” என்று சொல்லித்தான் கூட்டி வருகிறாள். வந்து பார்த்துவிட்டு அவர்களும் ஏமாந்து சிரிக்கிறார்கள். ஊருக்கு லீவில் போனால், “மெட்ராஸ்ல ஒங்களுக்கு யாரு இருக்கா?” என்று கேட்கிறார்கள். அஞ்சலையை என்ன முறை சொல்லி அவர்களுக்கு விளங்கவைப்பது? அங்கே குளத்துப் பக்கம் போனால் எனக்கு இப்போது கரையைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. எங்கே பலமில்லை, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று. ஒருநாள் வாய்தவறி “ஏரி நிறைஞ்சிருக்கே” என்று சொல்லிவிட்டேன். தங்கச்சி கைகொட்டிச் சிரித்தாள். “மெட்ராஸ்காரி வந்துட்டாளே!”

ஆனால் அந்த வருஷம், கால்வாய் வெட்டிய சில நாளில் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. ஒரு காலை, பால் வரும் நேரம் தாண்டியும் அஞ்சலை வரவில்லை. செம்பை வாசலில் வைத்துவிட்டு நின்று பார்த்தேன். மழைச் சத்தம் மட்டும்தான். எருமை மேல் மிதந்து வருவதாக அவள் சொன்ன வேடிக்கைப் பேச்சு அப்போது வேடிக்கையாக இல்லை. கோணியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடினேன். வழியில் முழங்கால் அளவு சேறு. கரை தெரிந்தது, முழுசாகத்தான் தெரிந்தது. கோடியில் அஞ்சலை நின்றிருந்தாள்.

தண்ணீர் கல்லைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி மடித்த மாதிரி வளைந்து விழுந்து, கறுப்புக் கட்டிகளைச் சுற்றிச் சுற்றி, நாங்கள் வெட்டிய வழியில் இரைந்துகொண்டு போனது. கீழே குடிசைகளின் கூரையிலிருந்து காலை அடுப்புப் புகை மழையோடு மல்லுக்கட்டி எழுந்தது. அஞ்சலை கல்லுக்கு மஞ்சள் பூசி, ஒரு தேங்காய் உடைத்து வைத்திருந்தாள். மஞ்சள் அப்போதே கரைந்து ஓடிவிட்டது. என்னைப் பார்த்ததும், “பால் இல்லம்மா இன்னிக்கி. இத்த பாத்துக்கினு நின்னுட்டேன்” என்றாள்.

இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றோம்.

“உங்க ஊர்ல இதுக்கு இன்னா பேரு?” என்று கேட்டாள்.

“மறுகால். மறுகால் பாயுதும்போம்.”

“மறுகாலா? இன்னொரு காலா?”

“கால்னா எங்கூர்ல வாய்க்காலு. குளத்துக்கு வார தண்ணி ஒரு காலு. நிறைஞ்சு போற தண்ணி மறுகாலு.”

அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். ஒன்று கோடிக் கல்லிலும் ஒன்று தண்ணீரிலும் இருந்தது. “அப்ப உனுக்கு ஒரு காலு அங்க கீது, மறுகாலு இங்க கீது” என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு கரைமேல் ஏறி, கீழே குடிசைகளைப் பார்த்துக் கத்தினாள்: “ஏய்… மறுகாலு பாயுதுடீ…”

மழைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் பதறிக்கொண்டு வந்தது. “இன்னாது? யாருக்கு காலு போச்சி?”

அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோடி என்று சொல்லித் திருத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையையும் வாயோரம் குவித்துக்கொண்டு, அதே சொல்லை இன்னும் உரக்கக் கத்தினாள்.